நாகலூர்த் தோட்டம் உறவுகள் குழு: டிராக்டர் ரேஸ் ஏறி இறங்குகிறது

*ஞாயிறு*

நாகலூர் தம்பி, காலை 7:05
பெரியப்பா, தாத்தா வாங்கிய சின்ன டிராக்டர் தொந்தரவு செய்கிறது. ஆக்சிலேட்டரை யாரும் தொடாமலே ரேஸ், அதாவது இன்ஜின் வேகம், தானாக ஏறுகிறது, இறங்குகிறது. நடுநடுவே விக்கியும் தடுமாறுகிறது. காபிப் பழ மூட்டைகள் கீழ்த்தோட்டத்தில் கிடக்கின்றன. குரல் பதிவு அனுப்பியிருக்கிறேன், கேளுங்கள்.

வாழப்பாடி மாமா, காலை 7:11
இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னரின் திருகை அரைச் சுற்று இறுக்கிப் பார். எங்கள் ஊர் மெக்கானிக் அப்படித்தான் செய்வார்.

சங்ககிரி பெரியப்பா, காலை 7:14
மாப்பிள்ளை, தயவுசெய்து அந்தத் திருகில் கை வைக்கச் சொல்லாதீர்கள். இன்ஜினின் அதிகபட்ச வேகத்தைக் கட்டி வைத்திருப்பது அதுதான். அதனால்தான் கம்பி கட்டி ஈய முத்திரை வைத்திருக்கிறார்கள். அதைத் திருப்பினால் கோளாறு ஒளிந்துகொள்ளும், தீராது.

வாழப்பாடி மாமா, காலை 7:16
சரி மச்சான். மலைக் காற்று மெல்லியது என்பதால் இப்படி ஆகுமா? ஏற்காடு 1,500 மீட்டர் உயரமாயிற்றே.

சங்ககிரி பெரியப்பா, காலை 7:21
காற்று குறைந்தால் கரும்புகை வரும், இழுவை குறையும். ரேஸ் இப்படி ஊஞ்சலாடாது.
கண்ணு, பதிவை மூன்று தடவை கேட்டேன். அதில் இரண்டு கோளாறு கேட்கிறது. ஒரே தாளத்தில் ஏறி இறங்குவது ஒன்று. தாளமே இல்லாமல் விக்குவது இன்னொன்று. விக்கலை முதலில் பார்ப்போம். டேங்கில் டீசல் எவ்வளவு இருக்கிறது? வண்டி சரிவில் நிற்கிறதா?

நாகலூர் தம்பி, காலை 7:24
கால் டேங்க்கூட இல்லை. மூக்கு மேலே பார்த்தபடி ஏற்றத்தில்தான் நிற்கிறது.

சங்ககிரி பெரியப்பா, காலை 7:30
சமதளத்துக்குக் கொண்டு வந்து டீசலை நிரப்பு. டீசல் குறைவாக இருந்து வண்டியும் சாய்ந்து நின்றால் குழாய் காற்றை இழுத்துவிடும். டேங்க் மூடியையும் திறந்து பார். உஸ் என்று சத்தம் வந்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்று பொருள். நம் மலையில் தூசியும் சருகும் அதிகம், அந்தத் துளையை யாரும் பார்ப்பதே இல்லை.

நாகலூர் தம்பி, காலை 9:02
மூடியில் சத்தம் இல்லை. டீசல் நிரப்பிவிட்டேன். விக்கல் குறைந்தது, நிற்கவில்லை. வெளியே எங்கும் ஒரு சொட்டுக் கசிவுகூட இல்லை பெரியப்பா.

சங்ககிரி பெரியப்பா, காலை 9:10
அங்கேதான் எல்லோரும் ஏமாறுவார்கள். டேங்கிலிருந்து டீசலை பம்ப் இழுக்கும் பக்கத்தில் காற்றுதான் உள்ளே போகும், டீசல் வெளியே வராது. துணியால் துடைத்துப் பார்த்தாலும் காய்ந்தே இருக்கும். டேங்குக்கும் சின்ன பம்ப்புக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒரு முழம் மாட்டி ஓட்டிப் பார்.

நாகலூர் தம்பி, காலை 10:37
குமிழி வருகிறது! கடுகளவு, வரிசையாக. வீடியோ பாருங்கள்.

சங்ககிரி பெரியப்பா, காலை 10:41
நல்லது, அகப்பட்டது. அந்தப் பக்கத்து இணைப்புகளில் உள்ள செம்பு வாஷர்களைக் கழற்று. புதிது கிடைக்கவில்லை என்றால் பழையதை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடு. செம்பு மெத்தென்று ஆகிவிடும், மறுபடியும் அழுந்திப் பிடிக்கும். பிறகு ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, சின்ன பம்ப்பின் கை நெம்பை அடித்துக்கொண்டே இரு. நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும் திருகை இறுக்கு.

ஓமலூர் அத்தை, காலை 10:44
சமையல் அடுப்பில் செய்யாதே தம்பி, டீசல் நாற்றம் சோற்றில் ஏறும்.

சங்ககிரி பெரியப்பா, காலை 10:52
இன்னொன்று. இன்ஜின் ஓடும்போது, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசில் குழாய்ப் பக்கம் வெறும் கையை வைத்துக் கசிவு தேடாதே. அங்கே உள்ள பெரும் அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போல்தான் தெரியும், ஆனால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். அட்டையைப் பிடித்துப் பார்.

நாகலூர் தம்பி, பிற்பகல் 1:20
விக்கல் சுத்தமாக நின்றுவிட்டது. ஆனால் தாளத்தோடு ஏறி இறங்குவது அப்படியே இருக்கிறது.

சங்ககிரி பெரியப்பா, பிற்பகல் 1:33
இனிமேல்தான் கவர்னர் பக்கம் போக வேண்டும். உன் வண்டியில் இருப்பது காற்றின் இழுப்பில் வேலை செய்கிற கவர்னர். 1950களில் வந்த ஃபோர்ட்சன் டெக்ஸ்டாவிலும் இதே வகைதான். இன்ஜின் காற்று இழுக்கும் வழியில் ஒரு குறுகலான கழுத்து இருக்கிறது. அங்கிருந்து மெல்லிய குழாய் ஒன்று, நாசிலுக்கு டீசல் அனுப்பும் பெரிய பம்ப்பின் பின்புறம் வருகிறது. வேகம் கூடினால் அந்த இழுப்பு டயாப்ரம் என்கிற மெல்லிய தோல் சவ்வை இழுத்து டீசலைக் குறைக்கும். வேகம் தணிந்தால் ஸ்பிரிங் தள்ளி டீசலைக் கூட்டும். நடுவில் எங்காவது காற்று கசிந்தால் கணக்கு தப்பி, இன்ஜின் ஒரு நிலையில் நிற்காது. முதலில் அந்த மெல்லிய குழாயை இரண்டு முனையிலும் வளைத்துப் பார்.

நாகலூர் தம்பி, பிற்பகல் 2:05
கிளிப்புக்கு அடியில் ரப்பர் வெடித்திருக்கிறது. நல்ல பகுதி வரை வெட்டிவிட்டு மாட்டினேன். ஆட்டம் பாதியாகக் குறைந்துவிட்டது.

சங்ககிரி பெரியப்பா, பிற்பகல் 2:12
மீதிப் பாதி டயாப்ரமாக இருக்கலாம். இன்ஜினை அணைத்துவிட்டு அந்தக் குழாயைப் பம்ப் பக்கம் கழற்று. ஸ்டாப் நெம்பைக் கடைசி வரை இழுத்துப் பிடி. குழாய் வாயை விரலால் இறுக்கி மூடிக்கொண்டு நெம்பை விடு. மெதுவாகத் திரும்பினால் நல்லது. சட்டென்று திரும்பினால் டயாப்ரம் ஓட்டை.

நாகலூர் தம்பி, பிற்பகல் 2:26
விட்டவுடன் திரும்பிவிட்டது.

சங்ககிரி பெரியப்பா, பிற்பகல் 2:31
அப்படியென்றால் தோல் காய்ந்து விரிசல் விட்டிருக்கிறது. அது மாற்றும் வரை டிரெய்லரை மாட்டவே கூடாது. முழுக்கக் கிழிந்தால் ரேஸ் எகிறிவிடும், வளைவில் அப்படி ஆனால் வண்டி உன் கையில் இருக்காது. சோதித்துப் பார்க்க ஸ்டார்ட் செய்தாலும் ஸ்டாப் நெம்புக்குப் பக்கத்திலேயே நில். ரேஸ் எகிறினால் இன்ஜின் காற்று இழுக்கும் வாயை மூட ஒரு பலகையும் வைத்துக்கொள்.

சேலம் அக்கா, பிற்பகல் 2:40
நாளைக்கு நான் பம்ப் கடையில் கேட்கிறேன். பம்ப் மேலுள்ள தகட்டை எழுத்து தெரிய ஒரு படம் எடுத்து அனுப்பு.

சங்ககிரி பெரியப்பா, பிற்பகல் 2:43
சரியாகச் சொன்னாய் அம்மா. பழைய டயாப்ரத்தையும் கொண்டு போனால் அளவு தவறாது. தம்பி, கவர்னர் மூடியைத் திறக்கும்போது ஸ்பிரிங்குக்கு அடியில் மெல்லிய வட்டத் தகடுகள் இருந்தால் வரிசை மாறாமல் எடுத்து வை.

வாழப்பாடி மாமா, பிற்பகல் 2:50
மூட்டைகளைப் பற்றிக் கவலைப்படாதே. விடியற்காலை குப்பனூர் வழியாக பிக்கப்பை எடுத்து வருகிறேன். ஏற்றிவிட ஆள் மட்டும் சொல்லி வை.

நாகலூர் தம்பி, பிற்பகல் 2:52
சொல்லிவிட்டேன் மாமா. தகட்டின் படம் இதோ, அக்கா.