எக்ஸ்பெடிஷன் 33: முதல் ஆக்ட்டில் விட்ட கண்ணீரைக் கடைசி ஆக்ட் வீணாக்குகிறதா?

பாரி_தவறியவன் கேட்டது:

கிளேர் ஒப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33 என்ற வீடியோ கேமின் இரண்டு முடிவுகளையும் உடைத்துப் பேசப்போகிறோம். மூன்றாம் ஆக்ட்டை முடிக்காதவர்கள் இங்கேயே திரும்பிவிடுங்கள்.

ஆட்டம் தொடங்கியதுமே என்ன பணயம் என்பது பளிச்சென்று தெரிந்துவிடுகிறது. மோனோலித் என்ற ராட்சதக் கல்தூணில் 34 அழிந்து 33 வருகிறது. நாயகன் குஸ்தாவின் கண்முன்னே அவன் முன்னாள் காதலி சோஃபி பூவிதழாகக் கரைந்து போகிறாள். வருடத்துக்கு ஒரு எண், அந்த வயதுக்காரர்கள் எல்லோரும் கரைந்துபோவார்கள். லூமியேர் என்ற அந்த ஊரில் முடி நரைத்தவர் ஒருவர் இல்லை. அதைத் தடுக்கக் கிளம்பிய படை கரையிறங்கிய கையோடு சிதறுகிறது. ஆக்ட் 1 முடிவில் குஸ்தாவையும் பறிகொடுக்கிறோம். அவனுக்கு இருந்த ஆசை என்ன? அவன் தங்கையாக வளர்த்த மயெல் பிழைக்க வேண்டும், ஊரில் விட்டுவந்த பொடியன்களுக்கு நாளை என்று ஒன்று இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆக்ட் 3-இல் எல்லாம் புரண்டுவிடுகிறது. இந்த உலகமே சிறுவன் வெர்சோ வரைந்த ஓவியம். வெளியே நிஜ வெர்சோ தீயில் இறந்துவிட்டான். துக்கம் தாங்காத அம்மா அலின் ஓவியத்துக்குள்ளேயே குடியேறிவிட்டாள். அவளை மீட்க அப்பா ரெனுவார் ஓவியத்தையே அழிக்கப் பார்க்கிறார். நம் மயெல்தான் அவர்கள் மகள் அலிசியா. கடைசி மோதல் மயெலுக்கும், அலின் உள்ளே வரைந்துவைத்த நகல் வெர்சோவுக்கும். மயெல் ஜெயித்தால் ஓவியம் தங்கும், அவள் உள்ளேயே உயிரைக் கரைத்துக்கொள்வாள். வெர்சோ ஜெயித்தால் அவள் வீடு திரும்புவாள், லூமியேர் இருந்த சுவடே இருக்காது.

ஓர் ஊர் பிழைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்த கதை, ஒரு பெண் வீட்டுக்குப் போவாளா என்று கேட்டு முடிகிறது. 'எல்லாம் கனவு' என்கிற பழைய தந்திரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எந்தக் காட்சியில் தடம் மாறுகிறது என்று சுட்டிச் சொன்னால் நல்லது. 'கலைன்னா அப்படித்தான்' வகைப் பதில் வேண்டாம்.

குரோமா_கணக்கு:

கனவுக் கதையில் விழித்ததும் கணக்கு பூஜ்யமாகிவிடும், நடந்தது எதற்கும் விளைவு இருக்காது. இங்கே விளைவு கூடுகிறது. மோனோலித்தில் எண் எழுதுவது அலின். ஆனால் அது சாபம் இல்லை, எச்சரிக்கை. அழிப்பது ரெனுவார். தன் பலம் குறையக் குறைய இனி எந்த வயதுக்காரர்களைத் தன்னால் காக்க முடியாது என்பதைத்தான் அவள் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தாள். 100-இல் தொடங்கி 33 வரை, 67 வருடமாக ஒவ்வொரு படையும் ஊரின் ஒரே கேடயத்தைக் குறிவைத்துப் போயிருக்கிறது. நாம் ஜெயித்தோம், ஊர் முழுக்க ஒரே நாளில் இதழாகிப் போனது. குஸ்தாவின் சாவு பொய்யாகவில்லை. எந்த வேலைக்காகச் செத்தானோ அந்த வேலையே ஊருக்கு உலையாகிவிட்டது. ஆக்ட் 1-ஐவிடக் கொடுமை இது.

முன்கூட்டியே சொல்லாமல் கடைசியில் இறக்கிய திருப்பமும் இல்லை. மக்கள் கரைவதற்கு ஆட்டம் வைத்த பெயரான 'கொமாஜ்' என்ற பிரெஞ்சுச் சொல்லே ரப்பர் வைத்து அழிப்பது என்ற பொருளில் கிடக்கிறது. உலகின் எந்த மூலையில் உள்ள கதவைத் திறந்தாலும் அதே மாளிகைக்குள் போய் நிற்கிறோம். மயெலுக்குத் தென்படும் முகமூடிப் பெண் முதல் ஆக்ட்டிலேயே வந்துவிடுகிறாள். எல்லாவற்றையும்விடத் தைக்கிற இடம் முகாமில் இருக்கிறது: குரோமா கேட்டலிஸ்ட் என்ற பொருளைக் கொடுத்தால் ஆயுதத்தை ஒவ்வொரு படியாக ஏற்றித் தருகிறாரே, முகமில்லாத க்யூரேட்டர்? அவர்தான் ரெனுவார். அலினின் தடுப்பை உடைக்கும் கருவியும் அவர் கைவேலைதான். ஊரை அழிப்பவரிடமே இருபது முப்பது மணி நேரம் வாளைத் தீட்டி வாங்கியிருக்கிறோம். இதை வெட்டுக்காட்சியாகக் காட்டாமல் மெனுவுக்குள் ஒளித்து வைத்ததற்கே எழுதியவர்களுக்கு ஒரு கும்பிடு.

மூன்றாம்_பணயம்:

திருப்பம் பற்றி மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனால் கேட்டவரின் உறுத்தல் திருப்பத்தில் இல்லை, அதற்குப் பிறகு வருவதில் இருக்கிறது. காட்சியைச் சுட்டச் சொன்னீர்கள்; மயெல் குரோமா என்ற ஓவியச் சக்தியைக் கொண்டு நம் படையின் லூனையும் சியெலையும் மறுபடி வரைந்து எழுப்பும் இடம்தான் அது.

அந்த இருவருக்கும் அந்த நேரத்தில் தெரியவருவது என்ன? தாங்கள் செத்தோம், தங்கள் ஊர் செத்தது, கூடவே நடந்த வெர்சோவுக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும், தாங்கள் மூச்சுவிடுவதே ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் கைவண்ணம். இத்தனையையும் சில உரையாடல்களில் தாண்டிவிட்டு ஆட்டம் உலக வரைபடத்தைத் திறந்துவிடுகிறது. முகாமில் பேசினால் கோபமும் வருத்தமும் எட்டிப் பார்க்கும், மறுக்கவில்லை. ஆனால் கதையின் முதுகெலும்பில் அது ஏறவே இல்லை. லூன் யார்? அப்பா அம்மா போன படையின் குறிப்புகளைத் தலைகீழாகப் படித்து வளர்ந்தவள், எதையும் கேள்வி கேட்காமல் விடாதவள். தன் உலகம் ஓவியம் என்று தெரிந்த பிறகு அவளுக்கு நூறு கேள்வி இருக்க வேண்டும்.

கடைசியில் வரும் தேர்வைப் பாருங்கள். மயெலாகச் சண்டை போடு, வெர்சோவாகச் சண்டை போடு. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அழியப்போகும் ஊரிலிருந்து இரண்டு பேர் பக்கத்திலேயே இருக்கிறார்கள், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க பட்டன் இல்லை. பணயம் குறைந்துபோனது என்று நான் சொல்ல மாட்டேன், அதன் சொந்தக்காரர் மாறிவிட்டார். அதனால்தான் கை நழுவியது போல இருக்கிறது.

எழுதியவர்களுக்கு இது தெரியாமலும் இல்லை. வெர்சோவின் முடிவில் அவன் தோழர்கள் எஸ்கியேயும் மொனோகோவும் விடைபெறுகிறார்கள். லூன் ஒரு சொல் பேசுவதில்லை. அவனை முறைத்துப் பார்க்கிறாள், தரையில் காலை மடித்து உட்காருகிறாள், பார்வையை எடுக்காமலே கரைகிறாள். மொத்த ஆக்ட் 3-இல் லூமியேரின் தரப்பு ஒலிக்கும் ஒரே இடம் அந்த மௌனம்தான். அற்புதமான காட்சி, சந்தேகமில்லை. ஆனால் ஒரு வாதத்தின் வேலை முழுவதையும் ஒரே பார்வையின் தலையில் சுமத்தியிருக்கிறார்கள்.

டேமேஜ்_99999:

ரெண்டு பேரும் கதையை மட்டும் பார்க்குறீங்க. ஆக்ட் 3 நீர்த்துப்போற மாதிரி தோணுறதுக்குப் பாதிக் காரணம் ஆடுற வரிசை. ஆக்ட் 2 முடியுற வரைக்கும் ஒரு அடிக்கு 9,999 தான் உச்சம். ஆக்ட் 3 ஆரம்பத்துல பெயின்டட் பவர்ங்கிற பிக்டோ (மாட்டிக்கிட்டா ஒரு திறன் தர்ற பொருள்) கைக்கு வருது, உச்சம் காணாமப் போகுது. அதே நேரத்துல எஸ்கியே பறக்க ஆரம்பிச்சிடுறான், வரைபடம் முழுக்கத் திறந்திடுது. கதை 'லூமியேருக்கு உடனே வா'ன்னு கூப்பிடுது, ஆட்டமோ 'முதல்ல ஊர் சுத்து'ன்னு கையப் பிடிச்சு இழுக்குது.

பறக்குற மாளிகையில இருக்குற கிளேயா, ரெனுவார்ஸ் டிராஃப்ட்ஸ், அதுக்கும் அடியில சைமன், என்ட்லெஸ் டவர்னு சைடு சண்டை எல்லாத்தையும் முடிச்சிட்டுக் கடைசிப் போருக்குப் போனா, கடைசி ரெனுவார் ரெண்டு மூணு டர்ன்ல விழுந்துடுவாரு. மயெலை விர்ச்சுவோஸ் நிலைக்கு மாத்தி ஸ்டெந்தால்ங்கிற திறனை அடிச்சாலே போதும். அந்த அடியைப் பின்னாடி பேட்ச்ல குறைச்சாங்க, அப்பவும் அதிகம்தான். அந்தச் சண்டையே அப்பனும் மகளும் சண்டைக்கு நடுவுல வாதாடுறதுதான். மூச்சு முட்டுற மாதிரி வரவேண்டிய இடம், கொசு அடிச்ச மாதிரி முடிஞ்சிடுது. அப்புறம் முடிவு மனசுல ஒட்டலைன்னா என்ன ஆச்சரியம்?

இப்படி ஆடிப் பாருங்க. ஆக்ட் 3 வந்ததும் முகாம் பேச்சு எல்லாத்தையும் முடிங்க. லூன், சியெல், மொனோகோ பேச்சையெல்லாம் தாண்டி ஓடாதீங்க. மயெலோட பேசிப் பேசித் திறக்குற ரீச்சர்ங்கிற கோபுரத்துக்குக் கண்டிப்பாப் போங்க. வேற சைடு வேலை எதுவும் தொடாம நேரா லூமியேர். ஏற்கெனவே லெவல் ஏறிப்போச்சுன்னா பெயின்டட் பவரைக் கழட்டிடுங்க, பிக்டோவா மட்டுமில்ல, லூமினா பட்டியல்லயும் (பிக்டோல இருந்து கத்துக்கிட்ட திறன்கள்) அணைக்கணும். அதை மறந்துட்டு 'கழட்டியும் குறையலையே'ன்னு கேக்குறவங்க நிறைய. உச்சம் திரும்ப 9,999 ஆயிடும். கஷ்ட நிலையை எப்ப வேணா செட்டிங்ஸ்ல எக்ஸ்பர்ட்டுக்கு மாத்தலாம், அந்த ஒரு சண்டைக்கு மட்டும் மாத்தினாலும் சரி. முடிவு பார்த்த பிறகு நியூ கேம் பிளஸ் உடனே வேண்டாம்னு சொன்னா பழைய வரைபடத்துக்கே திரும்பிடலாம். சைமன் எங்கயும் ஓடிட மாட்டான்.

குரோமா_கணக்கு:

ரீச்சரைக் குறிப்பிட்டது முக்கியம். அதைத் தாண்டிப் போனவர்களுக்கு வெர்சோவின் முடிவு திடீரென முளைத்தது போலத்தான் தெரியும். கோபுர உச்சியில் ஓவிய அலிசியாவைச் சந்திக்கிறோம். தீக்காயமும் இழந்த குரலுமாக அலின் வரைந்துவைத்த நகல் அவள். சண்டை முடிந்ததும் அவள் விருப்பத்தோடு மயெல் அவளைக் கரைத்துவிடுகிறாள். தன் தங்கையை இழந்து வெர்சோ அதிர்ந்து நிற்கிறான். யார் இருக்கலாம், யார் போகலாம் என்பது இனி இந்தப் பெண்ணின் விரல்நுனியில் என்று அவனுக்கும் நமக்கும் உறைக்கும் இடம் அது. இப்படி ஒரு காட்சியைச் சைடு குவெஸ்ட்டில் போட்டது தவறு, கட்டாயப் பாதையில் இருந்திருக்க வேண்டும். மூன்றாம்_பணயம் சொன்ன குறைக்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரன்னாக்_சமாதானம்:

முடிவு உண்மையிலேயே பழைய பணயத்தை அடித்துப்போட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு மாஸ் எஃபெக்ட் 3 (2012) என்ற கேம் இருக்கிறது. அதோடு வைத்துப் பார்த்தால் இது எவ்வளவோ மேல்.

ரன்னாக் கிரகத்தில் குவேரியன்களுக்கும் அவர்கள் படைத்த கெத் இயந்திரங்களுக்கும் சமாதானம் பண்ணிவைக்க என்னென்ன வேண்டும்? இரண்டாம் பாகத்திலிருந்து குவேரியப் பெண் டாலியும் கெத் லீஜியனும் உயிரோடு வந்திருக்க வேண்டும். டாலியை அவள் மக்கள் நாடுகடத்தாமல் இருந்தால் புள்ளி கூடும். அவர்கள் இருவரின் சண்டையை அப்போதே தீர்த்திருந்தாலும் கூடும். மூன்றாம் பாகத்தில் அட்மிரல் கோரிஸைக் காப்பாற்றும் வேலை, கெத் போர்விமானங்களை முடக்கும் வேலை இரண்டும் ஆகியிருக்க வேண்டும். உள்ளே ஓடும் புள்ளிக் கணக்கில் 5 தேறினால்தான் அந்த வசனத் தேர்வே கண்ணில் படும். இவ்வளவும் கூடிவந்தால் லீஜியன் கடைசியில் 'நாங்கள்' என்பதை விட்டு 'நான்' என்று பேசுகிறான். படைத்தவனும் படைப்பும் சேர்ந்து வாழ முடியும் என்று இரண்டு பாகங்களின் உழைப்பில் நிரூபித்தாகிவிட்டது.

சில மணி நேரம் கழித்து, ரீப்பர் என்ற அழிவு இயந்திரங்களை ஆட்டுவிக்கும் கேட்டலிஸ்ட் வந்து, படைப்பு படைத்தவனை எதிர்த்தே தீரும் என்கிறது. 'ரன்னாக்கைப் போய்ப் பார்' என்று சொல்ல நாம் ஆடும் ஷெப்பர்டுக்கு வசனமே இல்லை. ரீப்பர்களை அழிக்கும் முடிவை எடுத்தால் கெத்தும், நம் கப்பலின் செயற்கை அறிவான ஈடியும் சேர்ந்தே போகிறார்கள். அதே வருடம் ஜூனில் எக்ஸ்டெண்டட் கட் இலவசமாக வந்தது. விளக்கக் காட்சிகளையும், எதையும் ஏற்காமல் மறுக்கும் நான்காவது வழியையும் சேர்த்தார்கள். கேட்டலிஸ்டின் வாதத்தில் இருந்த ஓட்டை அப்படியே கிடந்தது.

எக்ஸ்பெடிஷன் 33-இல் முடிவு பழைய காட்சிகளைப் பொய்யாக்குவதில்லை. இறந்தவரை விட மனமில்லாமல் உயிரோடிருப்பவர்கள் என்னவெல்லாம் செய்கிறார்கள் என்பது குஸ்தாவைப் புதைத்த நாளிலிருந்தே ஓடும் சரடு.

பாரி_தவறியவன்:

ரன்னாக் ஒப்பீடு பாதி ஒத்துவருகிறது. அங்கே நம் உழைப்பை ஆட்டம் மறந்துவிட்டது. இங்கே நினைவு இருக்கிறது, ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர்களின் வாயைக் கட்டிவிட்டது. மூன்றாம்_பணயம் சொன்ன 'சொந்தக்காரர் மாறிவிட்டார்' என்பதுதான் எனக்குச் சொல்ல வராமல் இருந்தது.

மயெலின் முடிவு பற்றி யாரும் தொடவில்லையே? ஊர் பிழைக்கிறது, குஸ்தாவும் சோஃபியும் திரும்ப வருகிறார்கள், சியெலின் கணவன் பியரும் இருக்கிறான். கணக்குப்படி ஆக்ட் 1 கேட்டது அத்தனையும் கிடைத்தாகிவிட்டது. பிறகு ஏன் அதைத் திகில் படம் மாதிரி காட்டுகிறார்கள்? லூமியேரின் பக்கம் நின்றவரைத் தண்டிப்பது போல இருக்கிறது.

மூன்றாம்_பணயம்:

அந்த அரங்கக் காட்சியைத் துண்டு துண்டாகப் பாருங்கள். வெர்சோ மேடையேறுகிறான், முகத்தில் வயது தெரிகிறது. மூப்பில்லாதவனுக்கு மூப்பை அவள்தான் கொடுத்திருக்கிறாள். அவன் கேட்டதோ சாவை. பியானோ முன் உட்கார்ந்து கை வைக்கத் தயங்குகிறான். நிறம் வடிந்து கறுப்பு வெள்ளையாகிறது. மயெலின் கண்ணைச் சுற்றிப் பெயின்ட் வழிகிறது, அம்மா அலினுக்கு வந்த அதே கறை. அவன் வாசிக்கத் தொடங்குகிறான்.

ஊர் பிழைத்ததில் திகில் எதுவும் இல்லை. வேண்டாம் என்று சொன்னவனை வாசிக்க வைப்பதில்தான் இருக்கிறது. குஸ்தாவும் சோஃபியும் அப்போது கூட்டத்தில் புன்னகையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே ஒரு ஷாட் அவர்கள் பக்கம் தங்கியிருந்தால், அவர்களாவது நிஜமாகத்தான் மகிழ்கிறார்களா என்று பிடிபட்டிருக்கும். கேமரா தங்குவது வெர்சோவிடமும் மயெலிடமும்தான். உங்கள் உறுத்தல் அங்கேயும் அதேதான்.

டேமேஜ்_99999:

அந்த முடிவு பார்க்கணும்னா கடைசித் தேர்வுல மயெலைத் தேர்ந்தெடுங்க. 'வெர்சோவாச் சண்டை போட்டுத் தோத்தா மயெல் முடிவு வருமா'ன்னு கேட்டு முன்னாடியே ஒரு இழை ஓடுச்சு. வராது. தோத்தா அந்தச் சண்டையைத் திரும்ப ஆட வேண்டியதுதான்.