கிணற்று மோட்டார் ஓடி ஓடி நிற்கிறது: மோட்டாரை மாற்றத்தான் வேண்டுமா?

உப்புக்காற்று
கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் வீடு. பின்கட்டில் உறைக்கிணறு, மேலே 1 எச்பி மோனோபிளாக் மோட்டார். 2011 டிசம்பரில் தானே புயல் மாடித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, மறுபடி தொட்டி வைக்க அப்பாவுக்கு மனசில்லை. 24 லிட்டர் பிரஷர் டேங்க் வைத்து நேராகக் குழாய்க்கு விடுகிறோம். தண்ணீரின் பிரஷர் 20 பிஎஸ்ஐக்கு இறங்கினால் பிரஷர் சுவிட்ச் மோட்டாரை ஆன் செய்யும், 40இல் ஆஃப்.

இப்போது குழாயைத் திறந்தால் மோட்டார் ஓடி உடனே நிற்கிறது, திரும்ப ஓடுகிறது. ஒரு குடம் நிறைவதற்குள் டக் டக் என்று சுவிட்ச் சத்தம் தாங்கவில்லை. கேஜ் முள் 20க்கும் 40க்கும் நடுவே கார் வைப்பர் மாதிரி ஆடுகிறது. ராத்திரி யாரும் குழாயைத் தொடாதபோதும் தானாக ஓடுகிறது. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் மோட்டாரையே மாற்றச் சொல்கிறார். செய்யலாமா?

முதுநகர்க்காரன்
முதலில் மெயினை அணைத்துவிட்டு பிரஷர் சுவிட்ச் மூடியைக் கழற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டில் கரன்ட் சேர்கிற இரண்டு பாயின்டுக்கும் நடுவே எறும்பு நசுங்கிக் கிடந்தது. கடலோரத்தில் பாயின்ட் கரி பிடிப்பதும் சகஜம்.

உப்புக்காற்று
பார்த்தேன் அண்ணே. எறும்பு இல்லை. லேசாகக் கருத்திருந்தது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அதே கதைதான்.

பழைய பிட்டர்
தம்பி, முள் 20க்கும் 40க்கும் நடுவே முழுசாகப் போய்வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சுவிட்ச் சரி, 40 வரை ஏற்றுகிற மோட்டாரும் சரி. அதை எதற்கு மாற்ற? டேங்கில் காற்று இல்லை, அவ்வளவுதான்.

டேங்குக்குள் ஒரு ரப்பர் பை இருக்கும். பைக்குள் தண்ணீர், பைக்கு வெளியே காற்று. தண்ணீரை அமுக்க முடியாது, காற்றைத்தான் அமுக்க முடியும். அந்தக் காற்று போய்விட்டால் ஒரு சொம்பு தண்ணீர் எடுத்ததும் பிரஷர் விழுந்துவிடும், மோட்டார் ஓடும், ஒரு சொம்பு ஏறியதும் நின்றுவிடும். காற்று சரியாக இருந்தாலும் 24 லிட்டர் டேங்க் மோட்டார் ஓடாமல் கொடுப்பது சுமார் 8 லிட்டர்தான். டேங்க் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

மெயினை அணையுங்கள். ஒரு குழாயைத் திறந்து கேஜ் பூஜ்யத்துக்கு வரும்வரை விடுங்கள். இதைச் செய்யாமல் காற்றை அளந்தால் தண்ணீரின் பிரஷரைத்தான் காட்டும், நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். டேங்கில் சைக்கிள் டியூபில் இருக்கிற மாதிரி ஒரு வால்வு இருக்கும். அதன் நடு ஊசியை நகத்தால் அழுத்துங்கள். காற்று வந்தால் பிழைத்தீர்கள்: பஞ்சர் கடை பம்பால் 18 பிஎஸ்ஐ வரை அடியுங்கள், அதாவது ஆன் ஆகும் அளவுக்கு 2 குறைவாக. தண்ணீர் பீச்சினால் பை கிழிந்துவிட்டது.

உப்புக்காற்று
ஊசியை அழுத்தினேன், துருநிறத் தண்ணீர் முகத்தில் அடித்தது. பையை மட்டும் மாற்றலாமா, டேங்கே வாங்க வேண்டுமா? ராத்திரி ஓடுவதும் இதனால்தானா?

பழைய பிட்டர்
குழாய் சேருமிடத்தில் போல்ட் போட்ட தட்டு இருந்தால் பையை மட்டும் மாற்றலாம். பழைய பையைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள், லிட்டர் ஒன்றானாலும் வாயகலம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டேங்கின் உள்பக்கம் துரு அரித்துப் பொருக்கு உதிர்ந்தால் பைக்குச் செலவழிக்காதீர்கள், புது டேங்கே வாங்கிவிடுங்கள்.

ராத்திரி ஓடுவது வேறு வியாதி. எங்கோ தண்ணீர் கசிகிறது. டேங்கிலிருந்து வீட்டுக்குப் போகிற வால்வை மூடிவிட்டு, மோட்டாரையும் அணைத்துவிட்டு கேஜைப் பாருங்கள். முள் அப்படியே நின்றால் கசிவு வீட்டுக்குள், பெரும்பாலும் கக்கூஸ் பிளஷ் டேங்க். முள் இறங்கினால், வெளியே ஈரம் எதுவும் இல்லையென்றால், தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிப் போகிறது: உறிஞ்சுகிற பைப்பின் அடியில் தண்ணீரைத் திரும்பவிடாமல் பிடிக்கிற புட் வால்வு சரியாக மூடவில்லை.

லாஸ்பேட்டை அக்கா
அதற்கு எதற்குப்பா கிணற்றில் இறங்கணும்? மோட்டாருக்கும் டேங்குக்கும் நடுவே ஒரு என்ஆர்வி, அதான் தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடுகிற வால்வு, போட்டால் தீர்ந்தது. புதுச்சேரியில் எங்கள் தெருவில் பாதி வீட்டில் அதுதான்.

பழைய பிட்டர்
அக்கா, டேங்கில் பிரஷர் நிற்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புட் வால்வு கசிவது கசியத்தான் செய்யும். உறிஞ்சுகிற பைப் காலியாகி ஒரு நாள் மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடும், சீல் கருகும். என்ஆர்வி போடுங்கள், புட் வால்வையும் பாருங்கள்.

உப்புக்காற்று
வால்வை மூடிப் பார்த்தேன், முள் கண்ணெதிரே இறங்கியது. பைப்பை மேலே ஏற்றினோம். புட் வால்வின் ரப்பரில் மணல், நடுவே ஒரு சிப்பித் துண்டு மாட்டி வாய் மூடாமல் இருந்தது. ரப்பரும் வெட்டுப்பட்டிருந்ததால் புது வால்வே போட்டோம். ராத்திரி ஓடுவது நின்றுவிட்டது. டேங்க் உள்ளே துரு அதிகமில்லை, புதுப் பை மாட்டி 18 அடித்தாயிற்று. இப்போது ஒரு வாளி பிடித்தால் மோட்டார் ஒரே தடவைதான் ஓடுகிறது.

முதுநகர்க்காரன்
பைப்பை இறக்கும்போது புட் வால்வை அடி மணலிலிருந்து இரண்டடியாவது தூக்கி வைத்தீர்களா? இல்லையென்றால் அடுத்த சிப்பி தயாராக இருக்கும்.

உப்புக்காற்று
தூக்கித்தான் கட்டியிருக்கிறோம் அண்ணே. கோடையில் தண்ணீர் இறங்கினால்தான் பார்க்க வேண்டும். இன்னும் ஆழப்படுத்தலாம் என்றால் இங்கே உப்பு ஏறிவிடும்.