டர்போ சியில் வரைகலை: வைத்துக்கொள்வதா, கைவிடுவதா?

குடந்தை மாணவன்:
எங்கள் கணினி வரைகலை ஆய்வகத்தில் இன்னமும் பழைய டாஸ் கணினியைப்போல் நடிக்கும் டாஸ்பாக்ஸ் மென்பொருளைத் திறந்து, அதற்குள் டர்போ சி என்ற பழைய சி மொழித் தொகுப்பியை ஓட்டி, ஒரு புள்ளிக்கு நிறமிடும் புட்பிக்சல் கட்டளையால் கோடும் வட்டமும் வரையச் சொல்கிறார்கள். வேலை நேர்காணலில் வரைகலைச் செயலியில் ஓடும் சிறு நிரலான ஷேடரைப் பற்றிக் கேட்கும் காலத்தில், இதை எடுத்துவிட்டு ஓப்பன்ஜிஎல் என்ற வரைகலை இடைமுகத்தை வைப்பதே முறை.

மன்னார்குடி ஆசிரியர்:
தம்பி, குறை பழைய கணினியில் இல்லை. நினைவகத்தைக் கண்ணில் காட்டாத புட்பிக்சலில் இருக்கிறது. 1987இல் வந்த விஜிஏ என்ற திரை வன்பொருளின் 13எச் முறையில் 320க்கு 200 திரைப்புள்ளிகள், புள்ளிக்கு ஒரு பைட்டாக 64,000 பைட்டுகள், நினைவகத்தின் ஏ000 பகுதியில் ஒரே வரிசையாகக் கிடக்கின்றன. மார்கழியில் வாசலில் இடும் 15 புள்ளி, 8 வரை இடைப்புள்ளிக் கோலத்தை அங்கே இட்டுப் பாருங்கள். கோலப்புள்ளிக்குக் கோலப்புள்ளி 20 திரைப்புள்ளி, வரிசைக்கு வரிசை 12 என்று வைத்தால், நடு வரிசையின் முதல் புள்ளியிலிருந்து கீழ் வரிசையின் முதல் புள்ளிக்குப் போக 3,850ஐக் கூட்டினால் போதும்: வரிக்கு 320 பைட்டாக 12 திரை வரிகளுக்கு 3,840, அரை இடைவெளிக்கு 10. மேலும், 4:3 திரையில் அந்தத் திரைப்புள்ளிகளின் உயரம் அகலத்தைப்போல் 1.2 மடங்கு என்பதால், கணக்குப்படி வரைந்த வட்டம் முட்டையாகிவிடும்.

தஞ்சை நிரலர்:
ஐயா, அந்த முட்டை உங்கள் ஆய்வகத்தில் தெரியாது. பலரும் நிறுவியிருக்கும் டாஸ்பாக்ஸ் 0.74, திரையை 4:3க்கு நீட்டும் விகிதத் திருத்தத்தை இயல்பாக அணைத்தே வைத்திருக்கிறது. ஆக, நீங்கள் காட்டுவது பழைய கணினியை அன்று, அதன் வேடத்தை. 64,000 பைட்டு அணி (array) ஒன்றை இன்றைய சியிலேயே அமைத்து, அதே 3,850ஐக் கூட்டலாமே. புள்ளியின் இடத்தை அறிய வரி எண்ணை 320ஆல் பெருக்காமல், அதன் 256 மடங்கையும் 64 மடங்கையும் பிட் நகர்த்திக் கூட்டும் தந்திரமும், 8088 போன்ற பழைய செயலிகளில் ஒரு பெருக்கலுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கடிகாரத் துடிப்புகள் செலவான காலத்துக்கு உரியது.

மன்னார்குடி ஆசிரியர்:
விகிதத் திருத்தத்தை இயக்குவது ஒரு வரி வேலை. அணியைப் பற்றிய வாதத்தை ஏற்கிறேன்; ஆனால் பழைய கணினி சிலவற்றை மறுக்கும்; உங்கள் அணி எதையும் மறுப்பதில்லை. 1982இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினியில் படத்துக்கு 6,144 பைட்டு, நிறத்துக்கு 768 பைட்டுதான். 8க்கு 8 கட்டம் ஒன்றுக்குள் இரண்டே நிறங்கள். கறுப்புத் தரையில் சிவப்பு இழையும் பச்சை இழையும் ஒரே கட்டத்தில் சந்தித்தால், பின்னால் வந்த நிறம் முந்தையதையும் பிடித்துக்கொள்ளும். அதனால் கோலத்தின் இடைவெளியையே 8ஐ ஒட்டித் திட்டமிட நேர்கிறது.

தஞ்சை நிரலர்:
அந்த மறுப்பையும் அணிக்கு விதியாக எழுதிவிடலாம். டாஸ்பாக்ஸ் போன்ற எமுலேட்டரைத் திறப்பதைவிட, அதை எழுதுவதுதான் நல்ல பயிற்சி.

குடந்தை மாணவன்:
இருவரும் பைட்டுக் கணக்கில் இறங்கிவிட்டீர்கள். ஷேடரை எந்தப் பருவத்தில் வைப்பது என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.