பாறை, கடல் விரால், ராவஸ்: பெலாஜிக் கணக்கில் சேருமா?

செம்பூர் தூண்டில்:
மழை முடிந்து தண்ணீர் தெளிந்ததும் எங்கள் குழுவில், மீனைப் பிடித்து அளந்து விட்டுவிடும் போட்டி வைக்கிறோம். பெலாஜிக் (நடுத்தண்ணீரில் திரிவது), அடிமீன் (தரையை ஒட்டி வாழ்வது) என்று இரண்டு பிரிவு. சுர்மையும் (வஞ்சிரம்) சூரையும் பெலாஜிக் என்பதில் தகராறு இல்லை. பாறை, கடல் விரால், ராவஸ் (காலா), ஹல்வா (கருப்பு வாவல்) நாலுக்கும்தான் அடிதடி. ஜிக்கில் (ஆழத்தில் இறக்கி ஆட்டும் உலோகப் போலி இரை) விழுந்தாலே அடிமீன் என்று ஒரு கட்சி. எதை வைத்துப் பிரிப்பது?

கொலாபா கரை:
ஜிக் கணக்கு செல்லாது. அடிவரை இறக்கிய ஜிக்கை மேலே இழுக்கும்போது பாதி வழியில் சூரை அடிக்கும். அதற்காக அது களவா மாதிரி அடிமீன் ஆகிவிடுமா? மீன் எங்கே இரை தேடுகிறது என்று பாருங்கள். தரையையும் பாரையும் (கடலடிப் பாறைத்திட்டு) நம்பாமல், நடுத்தண்ணீரில் மத்தி, நெத்திலிக் கூட்டத்தைத் துரத்திப் பிழைப்பதுதான் பெலாஜிக். முதுகு கருநீலம், வயிறு வெள்ளி, பிறை மாதிரி வால், வாலடி ஒடுங்கியிருக்கும். ஆனால் குடும்பத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள்: டாக்டூத் சூரை, பேரும் குடும்பமும் சூரைதான், பிழைப்பு முழுக்கப் பவளப்பார்ச் சரிவில்.

ராவஸை அடிமீனில் போடுங்கள். கரையோரச் சேற்றின் மேல், நெஞ்சுத் துடுப்புக்குக் கீழே தொங்கும் நூல்களால் தடவி இரை தேடுகிற மீன் அது. ஹல்வா பகலில் அடியில், இரவில் மேலே, பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம். கடல் விரால் மிதவை நிழலிலும் நிற்கும், தரையில் நண்டும் தின்னும். என் ஓட்டு பெலாஜிக்குக்கு. பாறையில் கட்டா மட்டும் சேரும். ஜிடி (ஜயண்ட் டிரெவல்லி என்ற பெரிய பாறை மீன்) பார் ஓரத்து மீன்.

சயான் வலை:
அண்ணாச்சி, ஜிடி விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். மேல் தண்ணீரில் பாப்பர் என்ற மிதக்கும் போலி இரையைப் பாய்ந்து அடிக்கிற மீனைக் களவாவோடு ஒரே கூடையில் போட்டால் போட்டியே கெட்டுவிடும். பார் மீன் என்று மூன்றாவது பிரிவு வையுங்கள். ஜிடியும் டாக்டூத்தும் அதில் போகட்டும்.

இன்னொன்று, மயில் மீனுக்கும் மஞ்சள் துடுப்புச் சூரைக்கும் மும்பையில் புள்ளி வைப்பது வீண். இங்கே 200 மீட்டர் ஆழத்தைப் பார்க்க 200 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். லட்சத்தீவில் தீவை விட்டுக் கொஞ்சம் வெளியே போனாலே ஆழம் விழுந்துவிடும். ஒருநாள் படகில் சுர்மை, சூரை, கட்டா, கடல் விரால் போதும்.

தாராவி தங்கூஸ்:
விட்டுவிடும் போட்டி என்பதால் ஒரு எச்சரிக்கை. சுர்மைக்கும் சிறு சூரைக்கும் காற்றுப்பை கிடையாது. ஆழத்திலிருந்து ஏற்றினாலும் வயிறு வெளியே தள்ளாது. களவாவுக்குத் தள்ளும். ஊசியால் குத்தாமல், எடை கட்டிக் கீழே இறக்கி விடுங்கள். சூரை நீந்தினால்தான் மூச்சு விடும். வாலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்காமல் தலை முதலில் போகும்படி வேகமாகத் தண்ணீருக்குள் செலுத்தினால் செவுளில் தண்ணீர் ஏறிவிடும். போட்டோவெல்லாம் கொக்கி கழற்றும்போதே.

சுர்மைக்கு லீடர் (கொக்கிக்கு முன்னால் கட்டும் துண்டு நரம்பு) நுனியில் 15 முதல் 20 செ.மீ. கம்பி கட்டாயம், பல்லில் தங்கூஸ் நிற்காது. சூரைக்குக் கம்பி தெரிந்தால் இரையைத் தொடாது, 40 பவுண்டு ஃப்ளோரோகார்பன் நரம்பு போதும். டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீல் பிரேக்) நரம்பின் தாங்குதிறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறுக்காதீர்கள். 30 பவுண்டுக்கு 4.5 கிலோ, தராசு மாட்டி இழுத்துப் பாருங்கள்.

செம்பூர் தூண்டில்:
பார் மீன் பிரிவு நல்ல வழி, குழுவில் வைக்கிறேன். செத்துப்போகிற சூரையை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா?

தாராவி தங்கூஸ்:
உடனே செவுளை வெட்டி ரத்தம் வடித்து, குடலை எடுத்து, ஐஸும் கடல் தண்ணீரும் கலந்த பெட்டியில் முழுக்க மூழ்க வையுங்கள். வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சு ஏறும். குழம்பு எவ்வளவு கொதித்தாலும் அது போகாது.