தட்டணு (பிளேட்லெட்) வெள்ளையணுவை அழைக்கிறதா, வெள்ளையணு தட்டணுவை அழைக்கிறதா?

குருதித்துளி:
"தட்டணுவுக்கு ரத்தக்கசிவை நிறுத்துவது மட்டும்தான் வேலை, அழற்சி முழுக்க வெள்ளையணு சமாச்சாரம்" என்று இன்னொரு இழையில் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்தால் அடியிலுள்ள கொலாஜன் வெளிப்படும். அதில் ஒட்டும் வான் வில்லிபிராண்ட் காரணி என்ற ரத்தப் புரதம், ஓடும் தட்டணுக்களைப் பிடித்து நிறுத்தும். தூண்டப்பட்ட தட்டணு, தன் ஆல்ஃபா துகள்களில் வைத்திருந்த பி-செலக்டின் என்ற ஒட்டும் புரதத்தை மேற்பரப்புக்குக் கொண்டுவரும். வெள்ளையணுவில் ஒரு வகையான நியூட்ரோபில் தன் பிஎஸ்ஜிஎல்-1 புரதத்தால் அதைப் பற்றி உருளும். பிறகு மேக்-1 என்ற இன்னொரு புரதத்தின் மூலம் கெட்டியாக ஒட்டும். உட்சுவர் செல்லே உரிந்துபோன இடத்தில் வெள்ளையணுவுக்குப் பிடிமானம் கொடுப்பது தட்டணுதான். போதாததற்கு ரான்டெஸ் போன்ற கீமோகைன்களை (செல்களை அழைக்கும் புரதங்களை) வெளியிட்டு மோனோசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளையணுக்களையும் வரவழைக்கிறது.

வெள்ளைப்படை:
கிழிந்த சுவருக்கு நீங்கள் சொல்வது பொருந்தும் சார். ஆழ்சிரை உறைவுக்கு? 2012இல் எலிகளின் பெருஞ்சிரையில் ஓட்டத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். சுவர் கிழியவில்லை. சில மணி நேரத்திலேயே நியூட்ரோபில்களும் மோனோசைட்டுகளும் வந்து ஒட்டின. உறைதலுக்கான திசுக்காரணியைக் கொடுத்தவை மோனோசைட்டுகள். நியூட்ரோபில்கள் தங்கள் டிஎன்ஏவையே வலையாக வீசின. அந்த வலையிலுள்ள ஹிஸ்டோன் புரதங்கள் தட்டணுக்களைத் தூண்டுபவை. அப்படியானால் அழைத்தது யார்?

குருதித்துளி:
அதே ஆய்வில் தட்டணுக்களை நீக்கியபோதும் ரத்தக்கட்டி குறைந்ததை விட்டுவிட்டீர்களே. வலையைப் பற்றியும் சொல்கிறேன்: செப்சிஸில் (தொற்றால் உடலெங்கும் உண்டாகும் கடும் பாதிப்பில்) டிஎல்ஆர்-4 என்ற, கிருமியை உணரும் ஏற்பி வழியாகத் தூண்டப்பட்ட தட்டணுக்கள் நியூட்ரோபிலில் ஒட்டி அதை வலைவீச வைக்கின்றன என்று 2007இலேயே காட்டிவிட்டார்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது 2014இல் வெளிவந்த, உயிருள்ள எலியின் ரத்தக்குழாய்க்குள் எடுத்த படங்கள். சுவரில் ஒட்டிய நியூட்ரோபில், பிஎஸ்ஜிஎல்-1 குவிந்த ஒரு நீட்சியை ஓடும் ரத்தத்துக்குள் நீட்டுகிறது. தூண்டப்பட்ட தட்டணு அதில் வந்து பட்டால், நியூட்ரோபிலின் மற்ற ஏற்பிகள் இடம் மாறி அது ஊரத் தொடங்குகிறது. அந்தத் தொடுகையைத் தடுத்தால் அழற்சிச் சேதம் குறைகிறது. சுவருக்கு வந்த பிறகும் தட்டணுவிடம் கேட்டுத்தான் அது அடுத்த அடி வைக்கிறது!

வெள்ளைப்படை:
நீட்சியை நீட்டித் தேடுவது நியூட்ரோபில். அதற்கு முன் அதைச் சுவரில் பிடித்தது உட்சுவர் செல்லின் செலக்டின். தட்டணு அங்கே இரண்டாவதாகத்தான் வருகிறது.

ஸ்மியர்_மேசை:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் வேதிப்பொருள்) உள்ள குழாயில் வந்த ரத்தத்தின் ஸ்மியரில் (கண்ணாடித்தகட்டில் தேய்த்த பூச்சில்) சில சமயம் ஒரு நியூட்ரோபிலைச் சுற்றித் தட்டணுக்கள் பூவிதழ் மாதிரி ஒட்டி நிற்கும். இதைப் படம் பிடித்து "பாருங்கள், அழற்சி" என்று போடுகிறார்கள். அது பெரும்பாலும் ஈடிடிஏவால் குழாயில் உண்டாவது. கருவி தட்டணு எண்ணிக்கையையும் குறைத்துக் காட்டும். சிட்ரேட் குழாயில் திரும்ப எடுங்கள். இன்னொன்று: பி-செலக்டின் பிடிக்குக் கால்சியம் வேண்டும். ஈடிடிஏ கால்சியத்தை இழுத்துக்கொள்வதால் நிஜமான இணைப்புகள் கழன்றுவிடும். குழாய் எது என்று சொல்லாத எந்த முடிவையும் நான் நம்பமாட்டேன்.

இரவுப்பணி_செவிலி:
எனக்கு ஒரு சந்தேகம் மேடம், சார். யார் முதலில் என்பதால் சிகிச்சையில் என்ன மாறும்? மாரடைப்பு வந்தவர்களுக்கு ஏற்கெனவே ஆஸ்பிரின் கொடுக்கிறோமே?

குருதித்துளி:
ஆஸ்பிரின் தடுப்பது, தட்டணுவைத் தூண்டும் வழிகளில் ஒன்றான திராம்பாக்சேன் பாதையை மட்டும். திராம்பின் போன்ற வேறு தூண்டல் வந்தால் பி-செலக்டின் வெளியே வரத்தான் செய்யும். அதனால்தான் பி-செலக்டினையே தடுக்கும் கிரிசான்லிசுமாப் வந்தது. அரிவாள் செல் நோயில் வலி நெருக்கடிகளைக் குறைத்ததாக 2017 ஆய்வு சொன்னது, 2019இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது.

வெள்ளைப்படை:
கதையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். அடுத்த பெரிய ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. 2023இல் ஐரோப்பாவில் அனுமதியைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். மறுபக்கம், மாரடைப்பு வந்த 10,000க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு 2017இல் வெளியான ஆய்வில் இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதத்தைத் தடுத்துப் பார்த்தார்கள். கொழுப்பின் அளவு மாறாமலே மறு தாக்குதல்கள் சுமார் 15% குறைந்தன.

இரவுப்பணி_செவிலி:
அதில் உயிர்பறித்த தொற்றுகளும் கூடினவே சார். நாங்கள் வார்டில் பார்ப்பது அதைத்தான்.

ஸ்மியர்_மேசை:
உங்கள் இரண்டு பேர் வாதத்திலும் விடுபட்ட ஒன்று இருக்கிறது. தட்டணு மிகக் குறைந்த எலிகளில் தோலிலோ நுரையீரலிலோ அழற்சியை உண்டாக்கினால், காயமே இல்லாமல் அந்த இடத்தில் மட்டும் ரத்தம் கசியும். 2008இல் வெளியானது. நியூட்ரோபில்கள் ரத்தக்குழாயைவிட்டு வெளியேறுவதைத் தடுத்தால் அந்தக் கசிவும் தடைபடுகிறது என்று பின்னால் காட்டினார்கள். ஆக, நியூட்ரோபில் துளைத்துப் போகும் வழியை அடைப்பதும் தட்டணுதான். வரவழைப்பதைத் தடுக்க மருந்து கொடுக்கும்போது இந்த அடைப்பு வேலையும் கெடுமா என்பதற்குக் குருதித்துளி பதில் சொல்லட்டும்.

குருதித்துளி:
அந்த அடைப்புக்கு முக்கியமாக வேண்டியது கொலாஜனைப் பிடிக்கும் ஜிபி-6 போன்ற ஏற்பிகள். தட்டணுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய கட்டியாக வேண்டியதில்லை, தனித்தனியாகவே துளையை அடைக்கின்றன. அதனால் பி-செலக்டினை மட்டும் தடுத்தால் அடைப்பு வேலை கெடாது என்பது என் வாதம். ஜிபி-6ஐத் தடுக்கும் மருந்துகளைப் பற்றி நான் அப்படிச் சொல்லமாட்டேன்.