'செரியெச்சம்': உயிர்வாயுத் தொட்டியில் மிஞ்சுவதற்கு ஒரு பெயர்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பயிரிலிருந்து பெறும் உயிர்வாயு (பயோகேஸ்) தொடர்பாக நாம் தொகுக்கும் சொற்பட்டியலில், வாயு எடுத்தபின் தொட்டியிலிருந்து வெளிவரும் கரைசலான 'டைஜெஸ்டேட்' என்பதற்கு, குழுவில் ஐயா ஒருவர் 'சமிபாட்டுக் கழிவு' என்று முன்வைத்த சொல்லை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. கழிவு என்று பெயர் வைத்தால், அதனோடு வேலை முடிந்துவிட்டது என்றே கேட்பவர் விளங்கிக்கொள்வார். உண்மையில் காலநிலைக் கணக்கின் முக்கியமான ஒரு பகுதி அங்கேதான் தங்கியிருக்கிறது.

கிளிநொச்சிக்கு அருகே உறவினர் வீட்டு வளவில், மாட்டுச் சாணியோடு நறுக்கிய சோளத் தட்டையும் போடும் சிறிய தொட்டி ஒன்று உண்டு. (எங்கள் பக்கத்தில் சோளம் என்றால் தமிழகத்தார் சொல்லும் மக்காச்சோளம், அவர்களுடைய சோளத்தை நாங்கள் இறுங்கு என்போம். பட்டியலில் மக்காச்சோளம் என்றே எழுதினால் இரு கரையினரும் மயங்கமாட்டார்கள்.) வாயுவைக் குசினிக்குக் கொடுத்துவிட்டு வெளிக்குழிக்கு வந்து சேரும் கரைசலை ஒரு சிறுபோக நாளின் உச்சி வெயிலில் பார்த்துக்கொண்டு நின்றேன். மேலே படிந்திருந்த ஏடு அங்கங்கே வெடித்துக் குமிழி விட்டது. தடியால் கிண்டியபோது அடியிலிருந்து குமிழிகள் சரம் சரமாக எழுந்தன. தொட்டிக்குள் செமித்தது போக, மீதி குழிக்குள் செமித்துக்கொண்டிருந்தது.

அந்தக் குமிழிகளில் இருக்கும் மெதேன், 100 ஆண்டுக் கணக்கில், அதே நிறையுள்ள காபனீரொட்சைட்டைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்டக்கூடியது. ஈரக்குழியில் தேங்கும் சாணி எப்படியும் மெதேன் விடும் என்பதால் அதைத் தொட்டியில் பிடித்து எரிப்பது நன்மையே. ஆனால் வயலில் காய்ந்து உக்கும் சோளத் தட்டை அவ்வளவு மெதேனைத் தராது. காற்றில்லாத தொட்டிக்குள் நாமே போட்டதால்தான் அது அவ்வளவு மெதேனை உண்டாக்குகிறது. ஆகவே வாயுவுக்காகவே விதைக்கும் பயிரில், யூரியா போட்ட மண்ணிலிருந்து எழும், அதுவும் வெப்பமூட்டும் வாயுவான நைதரசு ஒட்சைட்டையும் சேர்த்துப் பார்த்தால், திறந்த குழியில் கசிவது எரிபொருளைச் சேமித்ததால் வந்த பயனைப் பெருமளவு தின்றுவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018ஆம் ஆண்டுப் புதுப்பிக்கத்தக்க சக்திப் பணிப்புரை, மக்காச்சோள உயிர்வாயுவுக்கு இந்தக் கரைசலைத் திறந்து வைப்பவருக்கு ஓர் உமிழ்வு மதிப்பும் மூடி வைப்பவருக்கு வேறொரு மதிப்பும் கொடுத்திருப்பது இதனால்தான். 

எனவே 'செரியெச்சம்' என்று முன்வைக்கிறேன். எச்சம் என்பதற்கு எஞ்சியது என்பது ஒரு பொருள். இலக்கணத்தில் முடிவு பெறாமல் இன்னொன்றை அவாவி நிற்பதும் எச்சமே. 'வந்து' என்ற வினையெச்சம் எப்படி முடிக்கும் வினையை எதிர்பார்த்து நிற்கிறதோ, அப்படியே இந்தக் கரைசலும் செரிமானம் முற்றுப்பெறாமல் நிற்கிறது. முடிவதற்கு அதற்கொரு மூடிய தொட்டி வேண்டும் என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது. பறவை எச்சம் நினைவுக்கு வரும் என்று சிலர் தயங்கலாம். அதுவும் நல்ல உரந்தான். வயலுக்குப் போகப்போகும் ஒரு பொருளுக்கு அந்த நினைவால் குறையில்லை.

முன்சொல்லாகச் செரிமானத்தைக் குறிக்கும் 'சமிபாடு' எங்கள் பாடநூல்களில் நிலைத்த சொல் என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் 'சமிபாட்டெச்சம்' வாயில் நீள்கிறது; 'செரி' இரு நாட்டாருக்கும் விளங்கும். 'மூடிய செரியெச்சத் தொட்டி', 'செரியெச்சத்தில் எஞ்சிய மெதேன்' என்று எழுதிப் பார்த்தேன், தடங்கவில்லை. 'கூழ்' சேர்த்த சொல் வேண்டாம் என்பது என் வேண்டுகோள். பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழ் குடித்து வளர்ந்தவர்களுக்கு அது ஒட்டாது.

தமிழகத்தில் இயற்கை உரம் பற்றி எழுதுவோர் இதற்கு வேறு சொல்லை ஏற்கனவே புழங்குகிறார்களாயின், அதை வாக்கியத்தோடு தந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.