புதுப்பிப்பு: கீசருக்கு வாங்கிய வைஃபை பிளக்

கோத்தகிரியில் அம்மா வீட்டு கீசருக்கு வாங்கிய வைஃபை பிளக் (குறித்த நேரத்தில் தானாக ஆன் ஆகும் பிளக்) விடிகாலை 5 மணிக்குத் தானாக ஓடவில்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன். ரூட்டரை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றியதும் இணைப்பு சரியானது. ஆனால் எத்தனை மணிக்கு ஓட வேண்டும் என்ற நேரக்கணக்கு முழுக்க பிளக் கம்பெனியின் சர்வரில்தான் இருக்கிறது. மழையில் நெட் போனால் வெந்நீரும் போச்சு. இந்தக் குளிரில் அம்மா அடுப்பில் தண்ணீர் காய வைத்தார்களாம். கேட்டதும் மனசே சரியில்லை.

அப்புறம், நேற்று அந்த பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். கீசர் வயரின் பின் (முள்) நுழையும் துளையோரம் பழுப்பேறி லேசாக இளகியிருந்தது. அட்டையில் 16 ஆம்பியர் என்றுதான் போட்டிருக்கிறது. கீசர் 3000 வாட், சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். ஆனால் உள்ளே பின் ஆடுகிறது. லூஸ் கான்டாக்ட் என்றால் சூடேறத்தான் செய்யும். இனி ஒரு நாள்கூட அது அங்கே இருக்கக் கூடாது. இன்றே திருப்பி அனுப்பிவிட்டேன். அம்மா பழையபடி சுவிட்சைத் தட்டுகிறார்கள்.